நீலமாகவே நின்ற ஸ்லைடு

திசு ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனாக எனக்குப் பத்தொன்பது வருட சர்வீஸ். கட்டியிலிருந்து வெட்டிய துண்டை மெழுகில் பதித்து, மூன்று நான்கு மைக்ரான் கனத்தில் சீவி, ஸ்லைடில் ஏற்றி, சாயம் போட்டு, பேத்தாலஜி டாக்டரின் மேசையில் கொண்டுபோய் வைப்பது என் வேலை. அதில் என்ன தெரிகிறது என்று சொல்வது அவர் வேலை. ஸ்லைடில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு முகத்தை நினைத்துக்கொண்டிருந்தால் இந்த வேலையில் கை ஓடாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை ட்ரேயில் இருந்த எண்களில் ஒன்று எனக்குத் தெரிந்த எண். என் பெரியம்மா மகள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள், அப்போது ஐம்பத்து மூன்று. சின்ன வயதில் எனக்குத் தலை பின்னிவிட்டவள். இடது மார்பில் கட்டி, முந்தைய வெள்ளிக்கிழமை ஆபரேஷன். சொந்தக்காரர் சாம்பிளை நாங்கள் தொடுவதில்லை. எழுதி வைத்த விதியெல்லாம் இல்லை, பழக்கம். என்னோடு வேலை பார்க்கும் பையனிடம் திசு பதித்த மெழுகு பிளாக்கைக் கொடுத்துவிட்டு, அவன் முதுகுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தேன். அவன் இரண்டு முறை திரும்பிப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.

புற்றுநோய் என்பது ஏற்கனவே உறுதியான விஷயம். அன்றைக்குப் பார்க்கவேண்டியிருந்தது ஏற்பிகள், அதாவது செல்லுக்கு வரும் செய்தியைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள். ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 என்று ரிப்போர்ட்டில் மூன்று வரியாக வருமே, அது. முதல் இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள்: ஈஸ்ட்ரோஜனுக்கு ஒன்று, புரோஜெஸ்டிரோனுக்கு ஒன்று. ஹெர்2 வேறு ஜாதி, ஹார்மோனோடு அதற்குச் சம்பந்தமில்லை. ஆனால் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிச் சொல்லி, ஒரே குடும்பம் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் குழப்பமே வராது. ஈ.ஆர்., பி.ஆர். இரண்டும் செல்லின் நடுவில், உட்கருவுக்குள் பழுப்பாகத் தெரியும். ஹெர்2 செல்லின் ஓரத்தைச் சுற்றி வலைக்கம்பி போலக் கோடு போடும்.

அந்தப் பழுப்பு எப்படி வருகிறது என்று கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்தது எல்லாம் அதில்தான் இருக்கிறது. உடலிலிருந்து எடுத்த திசு ஃபார்மலினில் ஊறும்போது அதன் புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகிவிடும். அழுகாது, உருவம் கெடாது. ஆனால் நாம் தேடுகிற ஏற்பியும் அந்த முடிச்சுகளுக்குள் மறைந்துபோகும். ஆகவே சீவிய ஸ்லைடை ஒரு கரைசலில் போட்டுக் கொதிக்கவைக்கிறோம். பல இடங்களில் இதற்குச் சாதாரண பிரஷர் குக்கர்தான் பயன்படுகிறது. சூட்டில் முடிச்சுகள் அவிழும். 1991-இல் ஷான்-ராங் ஷியும் அவரோடு இருந்தவர்களும் மைக்ரோவேவ் அடுப்பில் ஸ்லைடைச் சூடாக்கிக் கண்டுபிடித்த வழி இது. இது வந்த பிறகுதான் மெழுகுத் துண்டிலேயே ஏற்பிகளை நம்பிக்கையோடு பார்ப்பது பரவலானது. பிறகு ஏற்பியைத் தேடிப்போய் ஒட்டுகிற ஆன்டிபாடியை விடுகிறோம். அது ஒட்டிய இடத்தில் ஒரு நொதி வந்து உட்காரும்படி செய்து, டாப் என்கிற வேதிப்பொருளை ஊற்றினால், நொதி இருக்கும் இடமெல்லாம் பழுப்பாகும். கடைசியில் மற்ற உட்கருக்கள் தெரிவதற்காக எல்லாவற்றுக்கும் லேசான நீலம். பழுப்பு என்றால் ஏற்பி உண்டு, நீலம் என்றால் இல்லை.

மதியம் மூன்று மணிக்கு ஸ்லைடு வந்தது. நீலம். முழுக்க நீலம்.

கூடவே ஓட்டிய கன்ட்ரோல் ஸ்லைடை எடுத்துப் பார்த்தோம். ஏற்பி உண்டு என்று முன்பே தெரிந்த வேறொரு திசு அது. அழகாகப் பழுப்பாகியிருந்தது. அப்படியென்றால் ஆன்டிபாடி சரி, குக்கர் சரி, பையன் கை சரி. அக்காவின் கட்டிக்கு ஏற்பி இல்லை, அவ்வளவுதான் என்று தோன்றியது. பி.ஆர். ஸ்லைடும் நீலம். அதுவரை பார்த்த ரிப்போர்ட்டுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஏற்பி இல்லையென்றால் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரைக்கு அங்கே வேலை இல்லை. ஹெர்2வும் இல்லையென்று வந்துவிட்டால் மூன்றும் நெகட்டிவ் என்கிற வகை. ஹார்மோனைத் தடுப்பது, ஹெர்2-ஐத் தாக்குவது என்று சிகிச்சைக்கான வழிகளில் முக்கியமான இரண்டு அடைபட்டுப்போகும்.

எங்கள் டாக்டர் மேடம் அதிகம் பேசாதவர். ஸ்லைடை வைத்து, அங்கும் இங்கும் நகர்த்தி, ஒரு மூலையில் ரொம்ப நேரம் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு, நுண்ணோக்கியில் இன்னொருவர் பார்ப்பதற்கென்று இருக்கும் இரண்டாவது தலை வழியாகப் பார்க்கச் சொன்னார். கட்டிக்கு வெளியே, சாதாரணப் பால்குழாய்கள் இரண்டு மூன்று. நோய் தொடாதவை.

“இதுவும் நீலமா இருக்கு பாருங்க.”

புரிய எனக்கு இரண்டு நொடி ஆனது. ஆரோக்கியமான மார்பகத்தின் பால்குழாய்களிலும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உண்டு. எல்லாச் செல்லிலும் இருக்காது. அங்கொன்று இங்கொன்றாகப் பழுப்புப் புள்ளி வைத்தாற்போல் தெரியவேண்டும். யாருடைய திசுவை எடுத்தாலும் அந்தச் சாட்சி பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். உள் கன்ட்ரோல் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். அது பழுப்பாகியிருந்து கட்டி மட்டும் நீலமாக இருந்தால் நெகட்டிவ் என்று எழுதலாம். அதுவும் நீலமென்றால், இந்தத் திசுவில் சோதனையே நடக்கவில்லை என்று அர்த்தம். கன்ட்ரோல் ஸ்லைடு வேறொருவர் உடம்பு, வேறொரு நாள், வேறொரு ஃபார்மலின். அது பழுப்பானதை வைத்து அக்காவின் ஸ்லைடைப் பற்றி எதையும் சொல்லமுடியாது. இது எனக்குத் தெரியாத பாடமா? புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுப்பது. அன்றைக்குக் கண் கட்டியைத் தாண்டிப் போகவே இல்லை.

பூஜ்ஜியத்தில் இரண்டு வகை உண்டு. தேடிப் பார்த்து இல்லாதது ஒன்று. தேடவே முடியாமல் போனது இன்னொன்று. ரிப்போர்ட்டில் இரண்டும் ஒரே மாதிரி அச்சாகிவிடும், அதுதான் பயம்.

காரணத்தைத் தோண்டியதில் கதை வெள்ளிக்கிழமை மாலைக்குப் போனது. ஆபரேஷன் முடிய நேரமாகியிருக்கிறது. எடுத்த மார்பகத்தை அப்படியே, கீறாமல், கொஞ்சம் சின்னதான ஒரு ஜாடியில் போட்டு ஃபார்மலின் ஊற்றி மூடியிருக்கிறார்கள். திங்கள் காலையில் எங்களிடம் வந்தது. எந்த மருத்துவமனை என்று சொல்லப்போவதில்லை, எங்கேயும் நடக்கக்கூடியது. ஃபார்மலின் திசுவுக்குள் ஊடுருவுவது மிக மெதுவாக, மணிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் என்று கணக்கு வைத்துக்கொள்வோம். கொழுப்பு நிறைந்த பெரிய துண்டு என்றால் இன்னும் தாமதம். வெளியே பதப்பட்டுக்கொண்டிருக்கும்போது நடுவில் இருக்கும் கட்டி தன் போக்கில் சிதைந்துகொண்டிருக்கும். ஆபரேஷனில் எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினுக்குப் போகவேண்டும், 5 மில்லிமீட்டர் இடைவெளியில் கீறிவிடவேண்டும், 6 மணி நேரத்துக்குக் குறையாமல் 72 மணி நேரத்துக்கு மிகாமல் ஊறவேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களும் பேத்தாலஜி கல்லூரியும் சேர்ந்து வகுத்த நெறிமுறை சொல்கிறது. வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலை என்பது மணிக்கணக்கில் அந்த எல்லைக்குள்தான் வருகிறது. படிவத்தில் நேரத்தைப் பார்த்தவர் யாருக்கும் தப்பாகத் தெரியாது. கத்தியால் நாலு கீறு போடாததுதான் குறை.

இப்படிப்பட்ட குறைகள் கண்ணில் படாமலே போனால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லும் உதாரணம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து. 2005-இல் அங்கே ஒரு நோயாளியின் ஈ.ஆர். நெகட்டிவ் முடிவை மறுபடி சோதித்தபோது பாசிட்டிவ் என்று வந்தது. அதன்பின் 1997 முதல் 2005 வரை செய்த நெகட்டிவ் சோதனைகளை டொரொன்டோவுக்கு அனுப்பிச் சரிபார்த்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்டவர்களின் முடிவு மாறியது. அதற்குள் பலர் இறந்துபோயிருந்தார்கள். நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையில் விசாரணை நடந்து 2009-இல் அறிக்கை வந்தது. அதைப் படித்தால் வில்லன் என்று ஒருவர் கிடைக்கமாட்டார். திசுவைப் பதப்படுத்தியதில் குறை, கன்ட்ரோலைச் சரியாகப் பார்க்காதது, தரச் சோதனை என்று ஒரு முறையே இல்லாதது, ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தது. எங்கள் எல்லோருக்கும் தெரிந்த முகம் உள்ள தவறுகள். மாத்திரை கிடைத்திருக்கவேண்டியவர்களுக்கு அது கிடைக்கவில்லை, அவ்வளவுதான் நடந்தது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். அந்த ஒரு வரியை என்னால் வேகமாகப் படிக்க முடிவதில்லை.

சரி, அக்கா கதைக்கு வருகிறேன். ஆபரேஷனுக்கு முன்பு வேறோர் இடத்தில் ஊசி பயாப்சி எடுத்திருந்தார்கள். புற்றுநோய் என்று மட்டும் உறுதிசெய்துவிட்டு, ஏற்பிகளை ஆபரேஷன் கட்டியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். என்னைக் கேட்டால் அந்த வரிசையே தலைகீழ். ஊசியில் வரும் துண்டு தீக்குச்சியைவிட ஒல்லி. ஃபார்மலினில் போட்டவுடன் எல்லாப் பக்கமும் நனைந்துவிடும். ஏற்பி பார்க்க அதைவிட நல்ல சாம்பிள் கிடையாது. மேடம் அந்த இடத்துக்குப் போன் போட்டு பிளாக்கை வரவழைத்தார். வர மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் அக்கா போன் செய்யும்போதெல்லாம் “இன்னும் வரலக்கா” என்று சொன்னேன். பொய் இல்லை, ஆனாலும் உறுத்தியது.

புதிய ஸ்லைடு பழுப்பாக வந்தது. கட்டியின் செல்கள் அநேகமாக எல்லாம். ஒரு முனையில் ஒட்டிக்கொண்டிருந்த சின்னப் பால்குழாயிலும் புள்ளிபுள்ளியாக. மேடம் ஆல்ரெட் முறையில் ஏழு என்று எழுதினார். எத்தனை பங்கு செல் பழுப்பாகிறது என்பதற்கு ஐந்து வரை, எவ்வளவு அடர்த்தி என்பதற்கு மூன்று வரை, கூட்டினால் அதிகபட்சம் எட்டு. அக்காவுக்கு ஐந்தும் இரண்டும். பி.ஆர். ஆறு. ஹெர்2 நெகட்டிவ்.

அன்று இரவு அக்கா ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு உடனே கூப்பிட்டாள்.

“பாசிட்டிவ்னு போட்டிருக்கேடி. ரெண்டு இடத்துல பாசிட்டிவ். போச்சா?”

“அக்கா, இதுல பாசிட்டிவ்னா வேற அர்த்தம்.”

“கதை வேணாம். நல்லதா, கெட்டதா?”

இந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் கிடையாது. அவள் கேட்டது ஒரு வார்த்தை. “இப்போதைக்கு நல்லது” என்றேன். “இப்போதைக்கா?” என்று திருப்பிக் கேட்டாள். அதற்கப்புறம் ஒன்றரை மணி நேரம் பேசினோம். நான் மருத்துவர் இல்லை என்று நடுவில் நாலு தடவை சொன்னேன், அவள் அதைக் காதில் வாங்கவில்லை. அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

ஈஸ்ட்ரோஜன் சிறிய மூலக்கூறு, கொழுப்பில் கரையும். செல்லின் சவ்வைத் தட்டாமல் கொள்ளாமல் தாண்டி உள்ளே போய்விடும். உட்கருவில் அதற்காகவே ஒரு புரதம் காத்திருக்கிறது, அதுதான் ஏற்பி. அதன் நடுவில் ஒரு குழி. ஈஸ்ட்ரோஜன் அதில் உட்கார்ந்ததும் புரதத்தின் ஓர் ஓரம் மூடி போல மடிந்து படிகிறது. வடிவம் மாறிய ஏற்பிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடங்களில் போய் ஒட்டி, வளர், பெருகு என்று சொல்லும் மரபணுக்களை எழுப்புகின்றன. சாதாரண மார்பகத்தில் இது அளவோடு நடக்கும் வேலை. அங்கே ஏற்பி உள்ள செல்லே பெருகுவது அபூர்வம், பக்கத்துச் செல்லுக்குச் சொல்லியனுப்பும். கட்டியில் அந்த ஒழுங்கு குலைந்து, ஏற்பி உள்ள செல்லே தானும் பெருகுகிறது. ஆக, ஏற்பி பாசிட்டிவ் என்றால் இந்தக் கட்டி ஹார்மோனைத் தின்று வளர்கிறது, அதைப் பட்டினி போட வழி இருக்கிறது என்று பொருள். மார்பகப் புற்றுநோய்களில் நூற்றுக்கு எழுபதிலிருந்து எண்பது இந்த வகைதான். ஆண்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோயில் இன்னும் அதிகம், பத்தில் ஒன்பது.

பி.ஆர். எதற்கு என்று அக்கா கேட்டாள். நல்ல கேள்வி. புரோஜெஸ்டிரோன் ஏற்பியைச் செய்யச் சொல்லி உத்தரவு போடுவதே ஈஸ்ட்ரோஜன் ஏற்பிதான். பி.ஆர். இருக்கிறதென்றால் ஈ.ஆர். சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, வேலை செய்கிறது என்று தெரியும். கேத்ரின் ஹார்விட்ஸும் வில்லியம் மக்குவயரும் 1975-இல் சொன்ன யோசனை இது. ஆள் வீட்டில் இருக்கிறாரா என்று விளக்கு எரிவதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது மாதிரி.

இதில் எனக்கு அலுக்காத பகுதி பழைய கதை. 1896-இல் கிளாஸ்கோவின் அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், முற்றிய மார்பகப் புற்றுநோய் உள்ள ஒரு பெண்ணின் கருப்பைகளை, அதாவது சினைப்பைகளை எடுத்ததும் கட்டி சுருங்கியதை எழுதினார். (கருப்பை என்று முதலில் எழுதியதை அடிக்காமல் விடுகிறேன். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாத ஆளை நான் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்து.) ‘ஹார்மோன்’ என்ற சொல்லே அப்போது கிடையாது. உடலியல் அறிஞர் ஸ்டார்லிங் அதைப் பயன்படுத்தியது 1905-இல். பீட்சனுக்குக் கைகொடுத்தது, சினைப்பை எடுத்த பசு தொடர்ந்து பால் கறக்கும் என்று விவசாயிகளுக்குத் தெரிந்திருந்த விஷயம். எங்கோ இருக்கும் சினைப்பைக்கும் மார்புக்கும் நரம்பில்லாமல் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று பிடித்துக்கொண்டார். ஆனால் மற்றவர்கள் செய்து பார்த்தபோது மூன்றில் ஒருவருக்குத்தான் பலன். யாருக்குப் பலிக்கும், யாருக்குப் பலிக்காது என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. மூன்று பேருக்கு வயிற்றைத் திறந்து ஒருவருக்குப் பலன். அறுபது ஆண்டுக்கு மேல் இப்படியே போனது.

1950-களின் பிற்பகுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன், ஈஸ்ட்ரோஜனோடு கதிரியக்க ஹைட்ரஜனைச் சேர்த்து எலிகளுக்குக் கொடுத்தார். எங்கே போகிறது என்று பின்தொடர்ந்ததில், கருப்பை போன்ற சில உறுப்புகள் மட்டும் அதைப் பிடித்து வைத்துக்கொண்டன. பிடித்துவைக்கும் பொருள் ஒன்று அங்கே இருக்கவேண்டும். அதுதான் ஏற்பி. கட்டியிலும் இது உண்டா என்று பார்த்தால், பீட்சனின் அந்த மூன்றில் ஒருவர் யார் என்று முன்பே சொல்லலாம் என்பது அதிலிருந்து பிறந்தது. ஆரம்ப காலச் சோதனைக்கு உறைய வைத்த பச்சைத் திசு வேண்டும். அதை அரைத்துக் கூழாக்கி, மொத்தத்தில் எவ்வளவு ஈஸ்ட்ரோஜனைப் பிடிக்கிறது என்று அளப்பார்கள். கூழில் கட்டி எது, சாதாரணக் குழாய் எது என்று எப்படித் தெரியும்? சின்னக் கட்டி என்றால் அரைக்கவே போதாது. என் சீனியர் ஒருவர் அந்தக் காலத்து ஆள். “நீங்க எல்லாம் படம் பாக்கறீங்க, நாங்க கஷாயம் வெச்சோம்” என்பார்.

மாத்திரையின் கதை இன்னும் வினோதம். 1962-இல் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் தமாக்ஸிஃபென்னைத் தயாரித்தார். அப்போது அவர்கள் தேடியது கருத்தடை மாத்திரை. எலிகளிடம் பலித்தது. பெண்களிடம் நேரெதிராகக் கருமுட்டை வெளிவருவதைத் தூண்டிவிட்டது. கிடப்பில் போயிருக்கவேண்டிய பொருள், மான்செஸ்டர் கிறிஸ்டி மருத்துவமனையில் முற்றிய மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்த்து, 1971-இல் முடிவு வெளியாகி, வேறு ஆயுள் பெற்றது. ஏற்பியின் அதே குழியில் ஈஸ்ட்ரோஜனுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. மூடி சரியாகப் படியாது. மரபணு எழும்பாது. ஐந்து ஆண்டு சாப்பிட்டால், ஏற்பி உள்ள வகையில், முதல் பதினைந்து ஆண்டில் மார்பகப் புற்றுநோயால் வரும் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று உலகெங்கும் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ஏற்பி இல்லாதவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. பழுப்புக்கு இவ்வளவு மதிப்பு அதனால்தான்.

அக்காவுக்கு மாதவிடாய் நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதனால் முதலில் லெட்ரோசோல். மாதவிடாய் நின்ற பிறகு சினைப்பை ஓய்ந்துவிடும், ஆனால் உடம்பின் கொழுப்பிலும் பிற இடங்களிலும் அரோமட்டேஸ் என்ற நொதி கொஞ்சம் ஈஸ்ட்ரோஜனைச் செய்துகொண்டே இருக்கும். லெட்ரோசோல் அந்த நொதியை நிறுத்துகிறது. தமாக்ஸிஃபென் இருக்கையை அடைக்கிறது, இது ஆளையே வரவிடாமல் செய்கிறது. ஈஸ்ட்ரோஜன் அடியோடு குறைந்தால் எலும்பு தேயும், மூட்டு பிடிக்கும். காலையில் எழுந்தால் விரலை மடக்கமுடியவில்லை என்றாள். மாடிப்படியைப் பார்த்தாலே கோபம் வருகிறது என்றாள். பதினொன்றாவது மாதம் தற்செயலாக அவள் வீட்டில் மாத்திரை அட்டையைப் பார்த்தேன். தேதிப்படி காலியாகியிருக்கவேண்டியது, பாதிக்கு மேல் நிரம்பி இருந்தது.

“எப்ப நிறுத்துன?”

“ஏழு வாரமாச்சு. எவ்ளோ நிம்மதியா நடக்கறேன் தெரியுமா?”

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. உன் ஒரு ஸ்லைடுக்காக எத்தனை பேர் அலைந்தோம் என்று கத்தினேன். பழுப்பு வந்ததோடு வேலை முடிந்தது என்று நான் இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன் போலிருக்கிறது. ஸ்லைடு எங்களுக்கு ஒன்றரை நாள் வேலை. அவளுக்கு அது தினம் ஒரு மாத்திரையாக ஐந்து வருடம், ஒருவேளை அதற்கு மேலும். மாத்திரையைப் பாதியில் விடுபவர்கள் நிறையப் பேர் என்பது டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். நோய் இருக்கும்போது மருந்து சாப்பிடுவது வேறு. கட்டி போய்விட்டது, ஸ்கேன் சுத்தம், உடம்பில் வலி என்று இருப்பது இந்த மாத்திரையால் வருவது மட்டும் என்றால் யாருக்குத்தான் கை வரும்? டாக்டரிடம் சொல்லவே பயந்திருக்கிறாள், திட்டுவார் என்று.

அவர் திட்டவில்லை. தமாக்ஸிஃபெனுக்கு மாற்றினார். அதற்கு மூட்டுவலி குறைவு. எலும்பில் அது ஈஸ்ட்ரோஜனைத் தடுப்பதற்குப் பதில் ஈஸ்ட்ரோஜன் போலவே நடந்துகொள்ளும், ஆகவே மாதவிடாய் நின்றவர்களின் எலும்பு தேயாமல் காக்கும். கருப்பையிலும் அப்படியே நடந்துகொள்வதால் அங்கே புற்றுநோய் வரும் வாய்ப்பு சிறிது கூடுகிறது, ரத்தம் உறையும் அபாயமும் உண்டு. ரத்தக்கசிவு தெரிந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் வரவேண்டும் என்று சொன்னார். ஒரே மாத்திரை, ஒரே ஏற்பி, மார்பில் ஒரு முகம், எலும்பில் இன்னொரு முகம். அப்புறம் அவள் சாப்பிடும் மற்ற மாத்திரைகளின் பட்டியலை வரிவரியாகப் பார்த்து ஒன்றை மாற்றினார். மனச்சோர்வுக்கான பராக்ஸெட்டின். தமாக்ஸிஃபென் கல்லீரலில் எண்டாக்ஸிஃபென்னாக மாறிய பிறகுதான் பலமாக வேலை செய்யும். அந்த மாற்றத்தைச் செய்யும் நொதியைப் பராக்ஸெட்டின் முடக்கிவிடும்.

“இப்போதைக்கு நல்லது” என்று அன்று சொன்னதன் பின்பாதியை நான் அவளிடம் முழுதாகச் சொன்னதில்லை. ஏற்பி இல்லாத வகை திரும்பி வருவதென்றால் பெரும்பாலும் முதல் சில வருடங்களில் வந்துவிடும். ஏற்பி உள்ளது பொறுமைசாலி. ஐந்து வருடம் ஹார்மோன் சிகிச்சை முடித்த 62,923 பெண்களைப் பற்றி 2017-இல் வந்த ஆய்வில், ஐந்தாவது வருடத்திலிருந்து இருபதாவது வருடம் வரை திரும்பி வருவது நிற்காமல் ஒரே சீராக நடந்துகொண்டிருந்தது தெரிந்தது. சிலருக்கு மாத்திரையைப் பத்து வருடம் நீட்டுவது இதனால்தான். திரும்பி வந்தால் அதே ஏற்பிகளோடுதான் வரும் என்றும் சொல்லமுடியாது. சில நேரம் பழுப்பாக இருந்தது நீலமாகிவிடும். சில நேரம் ஏற்பியின் மரபணுவே மாறி, குழியில் யாரும் உட்காராமலே மூடி படிந்துவிடும். அரோமட்டேஸை அடைத்து என்ன பயன்? அப்படிப்பட்ட ஏற்பியைத் தாக்கும் எலாசெஸ்ட்ரன்ட் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் 2023-இல் அனுமதி கிடைத்தது. திரும்பி வந்த இடத்திலிருந்து முடிந்தால் மறுபடி ஒரு துண்டு எடுத்துப் பாருங்கள் என்று சொல்வதும் இதற்காகவே. எலும்பிலிருந்து வரும் துண்டைக் கடுமையான அமிலத்தில் போட்டு மென்மையாக்கினால் ஏற்பி கெட்டுவிடும். அங்கேயும் பொய்யான நீலம் வரும். எங்கள் லேபில் இப்போது அதற்கு ஈ.டி.டி.ஏ. கரைசல்தான், மூன்று நாள் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை என்று.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நூற்றுக்கு ஒரு செல் பழுப்பானாலே பாசிட்டிவ் என்று 2010-இலிருந்து வழக்கம். ஒன்றிலிருந்து பத்து வரை வந்தால் ‘குறைந்த அளவு பாசிட்டிவ்’ என்று தனியாகக் குறிப்பிடச் சொன்னது 2020-இல். அந்த மெல்லிய பட்டையில் இருக்கும் கட்டிகள் பல விதங்களில் நெகட்டிவ் கட்டியைப் போலவே நடந்துகொள்கின்றன. பாசிட்டிவ் என்ற ஒரே சொல்லுக்குள் ஒன்றும் அடங்குகிறது, தொண்ணூற்றொன்பதும் அடங்குகிறது. ரிப்போர்ட் கையில் வந்தால் அந்தச் சொல்லோடு நிறுத்தாமல் பக்கத்தில் இருக்கும் எண்ணையும் பாருங்கள். உள் கன்ட்ரோல் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். நெகட்டிவ் என்று இருந்தால் அது எந்தத் துண்டில் பார்த்தது என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் டாக்டரை நான் அதிகம் பார்த்ததில்லை.

போன மாதம் அக்கா லேபுக்கு வந்தாள். நாலாவது வருடம் நடக்கிறது. என்னை வீட்டுக்கு அழைத்துப்போக வந்தவள், “அத ஒரு தடவ காட்டேன்” என்றாள். மேடத்திடம் கேட்டேன், தலையை ஆட்டினார். பழைய ஸ்லைடுகளின் பெட்டியிலிருந்து எடுத்து வைத்து, உயரத்தைச் சரிசெய்து கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தாள். நான் இரண்டாவது தலையில்.

“இந்தப் புள்ளியெல்லாம் அதுவா?”

“ஆமாக்கா. அந்தப் பழுப்பு எல்லாம்.”

“இவ்ளோவா.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். ஸ்லைடை நகர்த்தும் திருகை அவள் கையில் கொடுத்தேன். தப்பான பக்கம் திருப்பி, வெற்றுக் கண்ணாடிக்குப் போய், திரும்பி வந்து ஓரத்தில் நின்றாள்.

“இங்க ஒண்ணு வட்டமா இருக்கு. இதுலயும் பழுப்பு இருக்கே. இதுவும் அதுதானா?”

“இல்லக்கா. அது நல்ல குழாய்.”

“நல்லதுலயும் இருக்குமா?”

“இருக்கும்.”

சரி என்றாள். திருகிலிருந்து கையை எடுக்கவில்லை. கட்டிப் பக்கம் திரும்பிப் போவாள் என்று நினைத்தேன், போகவில்லை. நின்றபடி குனிந்திருந்ததில் முட்டி வலிக்கிறது, அந்த ஸ்டூலை இழுத்துப் போடு என்றாள்.